தெருவின் நாக்கு – 14: டஃப் அடித்த ஊரில் ராப்

கேப் டவுனின் 'பிராஃபெட்ஸ் ஆஃப் டா சிட்டி' குழுவைச் சென்ற இதழில் 1994இல், மண்டேலா பதவியேற்புக் கொண்டாட்ட மேடையில் விட்டுவிட்டு வந்தோம். அதற்கு முந்தைய வருடம்தான் அவர்களுடைய 'ஏஜ் ஆஃப் ட்ரூத்' தொகுப்பை ஒலிபரப்ப அரசு வானொலி மறுத்திருந்தது. ஒரே வருடத்தில் விலக்கிவைத்தவர்களை மேடைக்கு அழைக்க வேண்டிய நிலை வந்தது. அந்தக் கதையில் ஒரு இழை இன்னும் கையில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வாரம் புனேவுக்குப் போகிறோம்.

அந்த இழை, கேப்ஸ் என்ற பேச்சு. ஜாவா, வங்காளம், மலபார், நம் சோழமண்டலக் கரை என்று பல இடங்களிலிருந்து அடிமைகளாகவும் கைதிகளாகவும் கேப் டவுனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள், டச்சுக்காரனின் அடுப்படியிலும் தோட்டத்திலும் நின்று உருவாக்கிய பேச்சு அது. அந்த மக்களுக்கு மார்க்கம் கற்பிக்க அபூபக்கர் எஃபெண்டி எழுதிய 'பயானுத்தீன்' 1877இல் இஸ்தான்புல்லில் அச்சானது. எழுத்து அரபி, மொழி ஆப்பிரிக்கான்ஸ். ஆனால் 1875இல் பார்ல் நகரில் கூடிய வெள்ளைக்காரச் சங்கம் 'உண்மையான ஆப்பிரிக்கான்ஸ்' எங்களுடையது என்று சொல்லிக்கொண்டது. அதன் நூற்றாண்டுக்காக 1975இல் அதே பார்லில் மொழிக்கு ஒரு நினைவுச்சின்னமும் கட்டினார்கள். மறுவருடம் ஜூன் 16 அன்று, அந்த மொழியில் பாடம் நடத்தாதே என்று ஊர்வலம் போன சொவெட்டோ பள்ளிப் பிள்ளைகள் மீது போலீஸ் சுட்டது. மொழியை உண்டாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் பேசினால் கொச்சை, ஆள்பவன் பேசினால் சுத்தம் என்றாகிவிட்ட ஊர் அது. அங்கே 'பிராஃபெட்ஸ்' குழுவின் ரெடி டி, ஷஹீன் ஆரிஃப்டீன் போன்றவர்கள் அந்தக் கொச்சையிலேயே ராப் பாடினார்கள். 2021இல் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகம் கேப்ஸ் பேச்சுக்கு மும்மொழி அகராதி தொகுக்கும் வேலையைத் தொடங்கியபோது, 'ஹீல் தி ஹூட்' என்ற ஹிப்ஹாப் அமைப்பும் கூட்டாளியாக இருந்தது. மாஃபிகெங் பக்கம் எச்.எச்.பி.யும் கேஸ்பர் நியோவெஸ்ட்டும் செட்ஸ்வானாவையும் ஆங்கிலத்தையும் பிசைந்து பாடிய மொட்ஸ்வாகோவைப் பத்தாவது வாரத்திலேயே பார்த்துவிட்டோம். அதனால் இங்கே நிற்கவில்லை.

2023 பிப்ரவரி 10. டர்பன் நகரின் ஃபுளோரிடா ரோட்டில், ஓர் உணவகத்தின் வாசலில், தென்னாப்பிரிக்க ராப்பின் பெரிய பெயர்களில் ஒருவரான ஏ.கே.ஏ. சுட்டுக் கொல்லப்பட்டார். இயற்பெயர் கீர்னன் ஃபோர்ப்ஸ், வயது 35. நாடே துக்கத்தில் இருந்த அந்த வாரத்திலேயே, பிப்ரவரி 12 இரவு, இந்தித் தொலைக்காட்சியின் 'பிக் பாஸ்' பதினாறாவது பருவத்தின் வெற்றியாளர் பெயரை சல்மான் கான் அறிவித்தார். எம்.சி. ஸ்டான். இயற்பெயர் அல்தாஃப் ஷேக், வயது 23, புனே ரயில் நிலையத்தை ஒட்டிய தாடிவாலா ரோட்டுப் பையன். பரிசு 31 லட்சத்து 80 ஆயிரம் ரூபாயும் ஒரு காரும். இரண்டு செய்திகளுக்கும் தொடர்பு கிடையாது, காலண்டர்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. ஆனாலும் இந்தத் தொடரை எழுதுகிறவனுக்கு அந்த வாரம் முக்கியமானது. டர்பனில் ராப் அதற்குள் துக்கம் கொண்டாடும் அளவுக்கு மூத்துவிட்டது. புனேவில் அது அப்போதுதான் நடுக்கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தது. வந்தவன் யார், எந்தப் பாஷை பேசுகிறான் என்று பெரியவர்கள் கேட்க ஆரம்பித்ததும் அன்றுதான்.

நான் இருக்கும் மகர்பட்டாவிலிருந்து தாடிவாலா ரோடு ஏழெட்டு கிலோமீட்டர். மகர்பட்டா பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹடப்சரில் மகர் என்ற குலப்பெயர் கொண்ட விவசாயிகளின் கரும்பு நிலம் இது. நகரம் தின்றுகொண்டே வந்தபோது, நிலத்தைக் கட்டுமானக்காரனுக்கு விற்றுவிட்டுக் கையைப் பிசைந்து நிற்காமல், சதீஷ் மகர் தலைமையில் சுமார் 120 குடும்பங்கள் தங்கள் 400 ஏக்கரை ஒன்றாகச் சேர்த்து ஒரு கம்பெனி ஆக்கின. அவரவர் நிலத்தின் அளவுக்கு ஏற்பப் பங்கு. 2000ஆம் ஆண்டு வாக்கில் கட்டடங்கள் எழத் தொடங்கின. இப்போது சைபர் சிட்டி, அடுக்குமாடிகள், பள்ளி, மருத்துவமனை எல்லாம் ஒரே வேலிக்குள் இருக்கின்றன. நகர வளர்ச்சி பற்றிய கருத்தரங்குகளில் மேற்கோள் காட்டப்படும் ஊர். தமிழ்க்காரர்களும் நிறையப் பேர் இருக்கிறோம். மென்பொருள் கம்பெனிகள் இழுத்துவந்த கூட்டம். வேலிக்கு வெளியே ஹடப்சரின் பழைய தொழிற்பேட்டை, வைதுவாடி, ராம்டேக்டி. காலையில் வேலிக்குள் வந்து காரைத் துடைத்து, குப்பையை அள்ளி, சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போகிற பையன்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள். எம்.சி. ஸ்டான் பெயரை நான் முதலில் கேட்டது தொலைக்காட்சியில் இல்லை, வாசலில் நிற்கும் பைக்குகளின் கைப்பேசிகளில்.

புனே ராப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 2014இல் ஆரம்பிக்கிறார்கள். மும்பை குர்லாவில் நேஸி ஓர் ஐபேடை வைத்துக்கொண்டு 'ஆஃபத்' படம்பிடித்தது, மறுவருடம் டிவைனும் அவரும் சேர்ந்து 'மேரே கல்லி மே' பாடியது, 2019 பிப்ரவரியில் 'கல்லி பாய்' படம், பிறகு பக்கத்து ஊரான புனே. தேதிகள் சரி. ஆனால் இந்தக் கணக்கில் புனே மும்பையின் வால் ஆகிவிடுகிறது. எனக்கு அது ஒப்பவில்லை. எதிராளியை மேடையில் வைத்துப் பாட்டாலேயே உரிப்பது என்ற கலை புனேவுக்கு 'யூடியூப்' கொண்டுவந்து சேர்த்தது அல்ல. அதற்கு இருநூற்றைம்பது வருடமாவது முன்னால் போக வேண்டும்.

பேஷ்வாக்கள் காலத்துப் புனேவில் லாவணி பாடும் ஷாஹிர்கள் இரண்டு கட்சியாக இருந்தார்கள். கல்கி கட்சி, துரா கட்சி. கல்கிக்காரனுக்குச் சக்தி பெரியவள், துராக்காரனுக்குச் சிவன் பெரியவன். டஃப் என்ற தோல்கருவியில் அந்தந்தக் கட்சியின் அடையாளத்தைக் கட்டிக்கொண்டு, துந்தனாவின் ஒற்றைத் தந்தி பின்னால் டிங் டிங் என்று ஒலிக்க, ஒருவன் கேள்வியைப் பாட்டாகப் போடுவான். மற்றவன் பாட்டாலேயே அவிழ்க்க வேண்டும். தத்துவத்தில் ஆரம்பித்து எதிராளியின் குருவையும் குலத்தையும் இழுப்பதில் முடியும். கூட்டம் யாருக்கு ஆர்ப்பரிக்கிறதோ அவன் ஜெயித்தான்.

இதைப் படிக்கும்போது தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கு இது தெரிந்த கதை. 1676இல் தஞ்சையைப் பிடித்த ஏகோஜி வம்சம் 1855 வரை இருந்தது. அவர்களோடு லாவணியும் காவிரிக் கரைக்கு வந்து தமிழ் பேசத் தொடங்கியது. காமன் பண்டிகைக்கு எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து, சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தபோது மன்மதன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடியப் பாட்டில் வழக்காடுவார்களே, அது புனேக்காரனின் கல்கி-துராவுக்குத் தமிழ் வாரிசு. டேப்பும் துந்தனாவும்கூட அப்படியே வந்துவிட்டன. ராப் போட்டிகளைப் பார்த்து 'இது நம் கலாச்சாரமா' என்று முகம் சுளிக்கும் தமிழ் அறிஞர்கள் ஒரு ராத்திரி திருவாரூர்ப் பக்கம் போய் லாவணி கேட்டுவிட்டு வந்து பேசலாம்.

பாடியவர்கள் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. ஹோனாஜி பாளா என்று ஒற்றைப் பெயராகச் சொல்லப்படுவது உண்மையில் இரண்டு பேர். பாட்டுக் கட்டியவர் ஹோனாஜி, பால் வியாபாரம் செய்யும் கவளி சாதி. பாடியவர் பாளா. சாந்தாராம் 1951இல் எடுத்த 'அமர் பூபாளி' இவர்கள் கதைதான். இவர்களுக்கு எதிர்க்கடை போட்டவர் சகன்பாவு. முஸ்லிம், கத்திக்கும் வாளுக்கும் சாணை பிடிக்கும் சிகல்கர் தொழில். சோலாப்பூரிலிருந்து வந்த ராம் ஜோஷி பிராமணர். தமாஷா என்ற நாட்டார் கூத்துக்காரர்களோடு சேர்ந்து பாடப் போனதால் சொந்தச் சாதியின் வசையை வாங்கிக் கட்டிக்கொண்டவர். பால்காரர், சாணை பிடிப்பவர், வீட்டுக்கு அடங்காத பிராமணர் என்று இந்தக் கூட்டத்தைப் பார்த்தால், 2023இல் ஒரு முஸ்லிம் பையன் புனேவின் பாட்டுக்காரனாக நாட்டுக்கு அறிமுகமானதில் வரலாற்றுக்கு ஆச்சரியமே இல்லை. அவனும் சிறு வயதில் கவாலி பாடிப் பழகியவன்.

அப்படியானால் ஆச்சரியப்பட்டது யார்? அதற்குப் புனேவின் இன்னொரு பெருமையைச் சொல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தில் சுத்த மராத்தி எது என்று கேட்டால், புனே மராத்தி என்பார்கள். புனேயிலும் எங்கே என்றால் சதாசிவ் பேட், நாராயண் பேட் என்று தெருவையே காட்டுவார்கள். இந்தப் பட்டத்துக்கு ஒரு பிறந்த தேதி உண்டு. 1818இல் பேஷ்வா ஆட்சியை முடித்த பிரிட்டிஷ்காரர்கள் பள்ளிக்கும் கச்சேரிக்கும் ஒரே மாதிரியான மராத்தி வேண்டும் என்று தேடியபோது, புனே சாஸ்திரிகளின் மராத்தியே கையில் அகப்பட்டது. மோல்ஸ்வொர்த் அகராதி 1831இல் வந்தது. அதில் உடன் உழைத்த மேஜர் தாமஸ் கேண்டி பிறகு புனேவில் இருந்துகொண்டு பாடநூல் மராத்தியைத் திருத்தித் தந்தார். காற்புள்ளி, அரைப்புள்ளிகூட அவர் கைவண்ணம் என்பார்கள். ஆக, ஊரின் மேற்குப் பக்கப் பேட்டைகளில் பேசியது மொழி ஆயிற்று. கிழக்குப் பக்கத்தில் பேசியது பேச்சாகவே நின்றது.

கிழக்குப் பக்கத்துக் கஞ்ச் பேட்டில் இருந்துதான் ஜோதிராவ் புலே எழுதினார். 1869இல் சிவாஜியைப் பற்றி அவர் வெளியிட்டது ஒரு போவாடா. அதாவது, டஃப் அடித்துப் பாடும் வீரக்கதைப் பாட்டு. அரசனைக் குடியானவர்களின் தலைவனாக வைத்துப் பாடினார். பண்டிதர்களுக்கு ஆத்திரம். 1874இல் 'நிபந்தமாலா' இதழைத் தொடங்கிய விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கர், புலேயின் கருத்தை மறுத்ததோடு நிற்கவில்லை, இலக்கணம் தெரியாத மராத்தி என்று கேலி செய்தார். 1885இல் ரானடே தரப்பு புனேவில் மராத்தி நூலாசிரியர்கள் மாநாட்டுக்கு அழைத்தபோது புலே போக மறுத்து எழுதிய கடிதம் இன்றும் படிக்கப்படுகிறது. எங்கள் மக்களுக்கு உரிமை தராத கூட்டத்தோடு எங்கள் புத்தகங்களுக்குச் சேர்த்தி கிடையாது என்பது சாரம். பார்ல் நகரத்துச் சங்கத்துக்குப் பத்து வருடம் பின்னால் நடந்த கதை இது. கேப் டவுனில் அப்படி ஒரு கடிதம் எழுத ஆளில்லாமல் போயிற்று. புனேயில் இருந்தார்.

அங்கிருந்து கோடு அறுபடாமல் வருகிறது. புலே தொடங்கிய சத்யசோதக் இயக்கத்தின் ஜல்சாக்கள் என்ற பாட்டுக்கூத்துகள் தமாஷாவின் உருவத்தை எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போயின. பிறகு அம்பேத்கர் ஜல்சாக்கள். 1944இல் அண்ணாபாவ் சாடே, அமர் ஷேக், கவாண்கர் மூவரும் மும்பையில் சேர்ந்து 'லால் பாவ்டா கலாபதக்' அமைத்தார்கள். அண்ணாபாவ் மாங் சாதி, பள்ளிப் படிப்பு கிடையாது, மில் தொழிலாளி. சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தில் அவர் பாட்டு ஊரை எழுப்பியது. குஜராத் கலவரத்துக்குப் பின் 2002இல் புனேவில் 'கபீர் கலா மஞ்ச்' தோன்றியது. அதன் குரலாக இருந்த சீத்தல் சாடே, பவானி பேட்டின் காசேவாடிக் குடிசைப் பகுதியில் வளர்ந்தவர். ஆனந்த் பட்வர்த்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' பார்த்தவர்களுக்கு அந்தக் குரல் மறக்காது. மாவோயிஸ்ட் தொடர்பு என்று போலீஸ் தேட, மறுத்துத் தலைமறைவாக இருந்தவர், 2013 ஏப்ரலில் மும்பையில் மாநிலச் சட்டமன்றத்தின் முன் வந்து கைதானார். அப்போது கர்ப்பிணி. ஜூனில் ஜாமீன் கிடைத்தது. 2017 டிசம்பர் 31 அன்று சனிவார் வாடா முன் நடந்த எல்கார் பரிஷத் என்ற கூட்டத்தில் பாடியவர்களும் கபீர் கலா மஞ்ச் ஆட்கள்தான். அது தொடர்பான வழக்கில் அவர்களில் மூவர் 2020 செப்டம்பரில் கைதானார்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு எம்.சி. ஸ்டானுக்கு வந்தால் ஒரு சறுக்கல் தெரியும். அதை மறைத்து எழுதினால் இந்தத் தொடருக்கு மரியாதை இல்லை. ஷாஹிர் 'நாம்' என்று பாடினான். ஸ்டான் 'நான்' என்று பாடுகிறார். என் பஸ்தி, என் எதிரி, என் சங்கிலி, என் ஷூ. 'பிக் பாஸ்' வீட்டில் எண்பதாயிரம் ரூபாய் ஷூ என்ற பேச்சு நாடு முழுக்கக் கேலிப்படமாகச் சுற்றியது. கழுத்தில் 'ஹிந்தி' என்று எழுதிய வைரச் சங்கிலி. புலேயின் ஊரில் இதென்ன அலங்காரம் என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் சொவெட்டோவிலும் டர்பனிலும் பார்த்துவிட்டு வந்தவன் என்பதால் அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளிவைக்கிறேன். தன் தெருவில் எவனும் போட்டிராத பொருளைப் போட்டுக்கொண்டு அதே தெருவில் நிற்பது அங்கேயும் ராப்பின் பாதி வேலையாக இருந்தது.

பாட்டுகளைப் பார்ப்போம். 2018இல் 'வாட்டா' வந்தது. வீடியோவில் தெரு, பையன்கள், கோபம். கணினியில் குரலை வளைத்து, சொற்களை மென்று விழுங்கும் பாணி. மும்பைக்காரர்கள் அதுவரை வார்த்தை வார்த்தையாக அறைந்து பாடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டான் முனகினார். இந்தி ராப்பில் அது புதுசு. அடுத்துப் பெரிய ஆளான எமிவேயைச் சீண்டி 'குஜா மத்'. சொறியாதே, வம்பு வளர்க்காதே என்று பொருள். கல்கி-துரா மேடை இணையத்துக்கு இடம் மாறியதைப் பார்க்க விரும்புகிறவர்கள் இரண்டு பக்க ரசிகர்களும் அந்த மாதங்களில் அடித்துக்கொண்டதைப் போய்ப் பார்க்கலாம். 2020இல் முதல் தொகுப்பு, 'தடிபார்'. 2022இல் 'இன்சான்'. பாட்டு எழுதுவது, தாளம் கட்டுவது, ஒலிக்கலவை செய்வது எல்லாம் பெரும்பாலும் தானே.

'தடிபார்' என்ற தலைப்பில் நிற்க வேண்டும். வெளியூர்க்காரன் காதுக்கு அது ஏதோ சினிமாப் பெயர். புனே பஸ்தியில் அது கையில் வந்து சேரும் ஒரு காகிதம். 1951ஆம் ஆண்டின் மகாராஷ்டிர போலீஸ் சட்டம், 55 முதல் 57 வரையான பிரிவுகள். ஒருவனால் ஊருக்கு ஆபத்து என்று போலீஸ் கருதினால், புதிதாகக் குற்றம் நிரூபிக்க வேண்டியதில்லை. மாவட்டத்தை விட்டே இரண்டு வருடம்வரை வெளியேற்றலாம். சாட்சிகள் பயத்தில் முன்வர மாட்டார்கள் என்பது காரணமாகச் சொல்லப்படும். தேர்தல், கணேஷ் பண்டிகை நெருங்கும்போது இந்த உத்தரவுகள் வரிசையாக வரும். உள்ளூர் மராத்திப் பத்திரிகைகளில் மூன்றாம் பக்கத்துச் செய்தி. தாடிவாலா ரோடு போன்ற இடங்களில் அண்ணனோ சித்தப்பாவோ யாராவது ஒருவர் தடிபார் ஆகியிருப்பார், பக்கத்து மாவட்டத்தில் இருந்துகொண்டு ராத்திரி ராத்திரியாக வந்து போவார். அந்தச் சொல்லைத் தலைப்பாக வைத்த கணத்தில் அந்தப் பையன் ஒரு சட்டப்பிரிவைத் தன் சாதிச் சான்றிதழைப்போல எடுத்து நீட்டிவிட்டான். லால் பாவ்டாக்காரர்கள் இதே சட்டத்தை எதிர்த்துப் பாட்டுக் கட்டியிருப்பார்கள். ஸ்டான் எதிர்க்கவில்லை, பட்டப்பெயராகச் சூட்டிக்கொண்டார். எது வலிமையானது என்று எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. கேட்கிற பையன்களுக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

'பிக் பாஸ்' வீட்டுக்குள் அவர் பேசிய பேச்சு இன்னொரு ரகம். சேம்டி என்பார். மூக்கொழுகும் சின்னப்பிள்ளை என்று மராத்தியில் திட்டும் சொல்லிலிருந்து வந்தது. அதையே செல்லமாகவும் பயன்படுத்துவார், இளக்காரமாகவும் பயன்படுத்துவார். 'ஹக் சே' என்பார், உரிமையோடு என்று உருது. புனேயைப் பி-டவுன் என்பார். மராத்தி வினையில் இந்தி வால், உருதுச் சொல்லுக்கு அமெரிக்க இழுவை. இந்தி பேசும் மாநிலங்களில் முதல் சில வாரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு லக்னோ, பாட்னா பிள்ளைகளும் அப்படியே பேசினார்கள். மராத்திச் சுத்தவாதிகளுக்கு இது மராத்தி இல்லை, இந்திச் சுத்தவாதிகளுக்கு இது இந்தி இல்லை. தக்காணத்தில் முஸ்லிம்கள் பேசும் பேச்சுக்கு இந்த இரட்டை நிராகரிப்பு பழகிப்போனது. உருதுக்காரர்கள் தக்கனியை அப்படித்தான் பார்த்தார்கள்.

சுத்தப் புனேக்காரருக்கும் சண்டைக் கலை தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'புனேரி பாட்யா' என்று உலகப் புகழ் பெற்ற அறிவிப்புப் பலகைகள் அந்தப் பேட்டைகளின் சொத்து. மணியை ஒருதரம் அடித்தால் போதும், எங்களுக்குக் காது கேட்கும். வழி கேட்க இது விசாரணை அலுவலகம் இல்லை. மதியம் 1 முதல் 4 வரை கடை மூடியிருக்கும், கதவைத் தட்டினாலும் அப்படியே. முன்பின் தெரியாத ஆளைப் பிழையில்லா இலக்கணத்தில் அவமானப்படுத்தும் கலை. 'குஜா மத்' சொல்வதும் இதுதான். ஒன்றைப் பண்பாடு என்று புத்தகமாகத் தொகுக்கிறார்கள், மற்றதைக் கலாச்சாரச் சீரழிவு என்கிறார்கள்.

இதனால் ஸ்டானின் எல்லா வரிகளுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. பெண்களைப் பற்றி அவர் பாட்டுகளில் வருவது பல இடங்களில் கூசவைக்கும். பேஷ்வா கால லாவணியும் அப்படித்தான் இருந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது, அதைப் பாடி ஆடியவள் பெண். ஆனால் கேள்வி கேட்க வந்தவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2023 மார்ச்சில் இந்தூரில் அவர் பாடிக்கொண்டிருந்த மேடையில் கர்ணி சேனா ஆட்கள் ஏறி நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். ஆபாசத்தைத் தடுக்க என்றார்கள். பெண்களின் மரியாதைக்காக அந்த அமைப்பு வேறு மேடைகளில் ஏறியதாகத் தெரிந்தால் இந்த வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன்.

மறுமாதம் மகாராஷ்டிரத்தில் ராப் இன்னும் சூடாயிற்று. முந்தைய வருடம் ஜூனில் சிவசேனா உடைந்தபோது எதிர்க்கட்சிகள் கட்டிய கோஷம், 'ஐம்பது கோகே'. கோகா என்றால் நிழலுலகப் பேச்சில் கோடி, பேட்டி என்றால் லட்சம். அந்தக் கோஷத்தை வைத்துச் சத்ரபதி சம்பாஜிநகரைச் சேர்ந்த ராஜ் முங்கசே யார் பெயரையும் சொல்லாமல் ஒரு ராப் பாடினார். வழக்கு. அதே ஏப்ரலில் புனே பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடத்துக்குள் ஓர் இளைஞர் கத்தி, துப்பாக்கி பொம்மைகளோடு, பச்சையான சொற்களோடு ராப் வீடியோ எடுத்துவிட்டார். அதற்கும் வழக்கு. அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் பம்பாய் கவர்னரின் மாளிகை. இன்று பல்கலைக்கழகத்தின் பெயர் சாவித்ரிபாய் புலே. ஜோதிராவின் மனைவி, பள்ளிக்குப் பாடம் நடத்தப் போகும் வழியில் சாணி வீச்சு வாங்கியவர். அவர் பெயர் தாங்கிய வளாகத்தில் அந்தச் சொற்கள் ஒலித்ததற்குக் கோபப்படுவது நியாயம். முங்கசே மீதான வழக்குக்கு அந்த நியாயம் கிடையாது. செய்திகளில் இரண்டும் 'ராப் தொல்லை' என்ற ஒரே தலைப்பின்கீழ் வந்தன.

மகர்பட்டாவுக்குத் திரும்புகிறேன். இங்கே லக்ஷ்மி லான்ஸ் என்ற திடல் இருக்கிறது. 2010இல் புனேயில் பிறந்த 'என்.எச்.7 வீக்கெண்டர்' இசைவிழா சில வருடங்கள் இந்தத் திடலில் நடந்தது. நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். ராக், மின்னிசை, ராப் எல்லாம் ஒரே நேரத்தில் நாலைந்து மேடைகளில். நுழைவுச் சீட்டின் விலை ஆயிரங்களில். வைதுவாடிப் பையனுக்கு அது மதிலுக்கு வெளியே நின்று கேட்கும் சங்கதி. மதில் சத்தத்தை நிறுத்தாதே. இங்கே வளரும் சம்பாட்டா மாதிரியான புனே ராப்பர்கள் இப்போது இந்தியை விட்டு மராத்தியிலேயே, லண்டன் பாணி டிரில் தாளத்தில் பாடுகிறார்கள். அது புனேரி மராத்திதான், ஆனால் மேஜர் கேண்டி திருத்தாத மராத்தி. 'விஷய் ஹார்ட்' என்பார்கள், 'ராடா' என்பார்கள். என் வீட்டில் ஏழாவது படிக்கும் பெண், பள்ளியில் மராத்தி மூன்றாம் மொழி, வகுப்புத் தேர்வில் இலக்கணத்துக்குக் குறைந்த மதிப்பெண் வாங்குவாள். பேருந்தில் இந்தப் பேச்சை அட்சரம் பிசகாமல் பேசுகிறாள். அவளுக்கு மராத்தியைக் கற்றுக்கொடுத்தது மகர்பட்டாவின் வேலிக்கு வெளியே இருக்கும் ஆட்கள். எங்கள் குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் இதைப் பற்றி நடந்த விவாதத்தை எழுதினால் தனி அத்தியாயமாகும், வேண்டாம்.

புனேவைச் சுற்றித் தமிழர்கள் வந்து சேர்ந்தது மென்பொருளுக்கு மிக முன்னால். கட்கியிலும் தேஹூ ரோட்டிலும் ராணுவக் கிடங்குகளில் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. தேஹூ துக்காராமின் ஊர். குடியானவன் தேவமொழி விஷயத்தைப் பேச்சு மராத்தியில் பாடலாமா என்று அவருடைய ஏடுகளை இந்திராயணி ஆற்றில் போடவைத்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்தக் கரையில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் ராப் பாடுகிறவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ஆசை. ஆனால் தமிழ் ராப் மகாராஷ்டிரத்தில் பெரிதாக வெடித்த இடம் அது அல்ல.

அது தாராவி. தமிழர்கள் தோல் பதனிட வந்து தங்கிய இடம். அங்கே வளர்ந்த டோனி செபாஸ்டியனும் ராஜேஷ் ராதாகிருஷ்ணனும் 'டோப்படெலிக்ஸ்' குழுவில் இந்தி, மராத்தி, தமிழ், ஆங்கிலம் நான்கையும் ஒரே பாட்டில் அடுக்கினார்கள். போலீஸ்காரர் முன் நின்று தாய் மேல் சத்தியமாக நான் இல்லை சார் என்று மராத்தியில் கெஞ்சுவதைத் தலைப்பாக்கி ஒரு பாட்டுப் போட்டார்கள். 2018இல் சந்தோஷ் நாராயணன் அவர்களைக் 'காலா'வுக்கு அழைத்தபோது ரஜினி படத்தில் தாராவித் தமிழ் தன் சொந்த வாயால் பாடியது. மலேசியாவின் யோகி பி அதே இசைத்தட்டில் இருக்கிறார், எண்ணூர்ப் பக்கத்துத் தெருக்குரலை நினைவூட்டும் சென்னைக்காரர்களும் இருக்கிறார்கள். மூன்று கடற்கரைத் தமிழும் ஒரு படத்தில் எப்படி வந்து சேர்ந்தது என்பதற்கு, தாராவியின் அஞ்சல் எண் 400017 எப்படி ஒரு பாட்டின் தலைப்பாயிற்று என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

(அடுத்த இதழில்: மும்பை 17)